எல்லைப்புற ரயில் நிலையமும் தமிழும்: தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை

முன்னுரை

ரயில் நிலையத்தைப் போக்குவரத்துக்கு உரிய இடமாக மட்டுமே கருதுவது நமது வழக்கம். ஆயினும், நிலையத்தின் பெயர்ப்பலகையில் எந்தெந்த மொழி இடம்பெறுகிறது, எந்த மொழி விடுபடுகிறது என்பன சட்டத்தோடும் அரசியலோடும் இணைந்த வினாக்களாகவே இருந்து வந்துள்ளன. 1953ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமிழகத்தின் டால்மியாபுரம் நிலையத்துக்குக் கல்லக்குடி என்னும் பெயரைச் சூட்டக் கோரி நடைபெற்ற போராட்டத்தைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பெயர்ப்பலகையின் மீது புதுப் பெயரை ஒட்டிவிட்டு, மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தனர். ஐரோப்பாவில் பெல்ஜிய நாட்டை எடுத்துக்கொண்டால், தலைநகர் பிரசல்சின் நிலையங்களில் பிரெஞ்சு, டச்சு ஆகிய இரு மொழிகளும் நிற்கின்றன. அதே ரயில் வடக்கே சென்றால் டச்சு மட்டும், தெற்கே சென்றால் பிரெஞ்சு மட்டும் என்பது அந்நாட்டு மொழிச் சட்டம் வகுத்த முறை.

இவ்வாறு மொழி எல்லையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடங்களுள் சிங்கப்பூர்–ஜோகூர் எல்லையும் ஒன்று. இங்குப் பயணி ஒருவர் சில நிமிடங்களில் ஒரு மொழிக்கொள்கையிலிருந்து மற்றொரு மொழிக்கொள்கைக்குள் நுழைகிறார். தமிழ் இவ்வெல்லையின் இருபுறமும் வழங்கும் மொழி. ஆனால் இருபுறமும் அதன் நிலை ஒன்றன்று. இக்கரையில் அது ஆட்சிமொழிகளுள் ஒன்று. அக்கரையில் அது ஆட்சிமொழி அன்று, எனினும் பள்ளியின் பயிற்றுமொழி. இவ்வேறுபாடு தமிழுக்கு என்ன செய்துள்ளது என்பதை ரயில் நிலையங்களின் வழியே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவையும் தீபகற்பத்தையும் இணைத்த பாதை

சிங்கப்பூர்த் தீவின் முதல் ரயில் பாதை 1903ஆம் ஆண்டு டேங்க் ரோட்டிலிருந்து தொடங்கித் தீவின் வடகரை வரை சென்றது. அங்கிருந்து ஜோகூர் பாருவுக்குப் பயணிகள் படகிலேயே சென்றனர். 1909இல் ஜோகூர் மாநில ரயில் பாதை நிறைவுற்றபின் தீபகற்பத்தின் பிற பகுதிகளோடு நேரடித் தொடர்பு கிட்டியது. எனினும் இடையில் நீரிணை தடையாக நின்றது. 1919இல் தொடங்கிய கடற்பாலப் பணி, 1923இல் ரயில்கள் செல்லும் நிலையை எட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் சரக்கு ரயிலும் அக்டோபர் 1ஆம் நாள் பயணிகள் ரயிலும் பாலத்தைக் கடந்தன. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சிங்கப்பூரின் ரயில் பாதையும் அதற்குரிய நிலமும் மலாய் கூட்டு மாநில ரயில்வேயின் பொறுப்புக்கு மாறின. அன்று இரு கரையும் பிரிட்டிஷாரின் ஆளுகையில் இருந்தமையால் இது வெறும் நிருவாக ஏற்பாடாகவே தோன்றியது. 1932ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்துவைத்தார். நிலையத்தின் முகப்பில் உழவு, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கு சலவைக்கல் உருவங்கள் அமைந்தன. ரயில்வேயின் பெயரைச் சுட்டும் நான்கு ஆங்கில எழுத்துகள் அவற்றோடு பொறிக்கப்பட்டன.

இப்பாதைகளை அமைப்பதிலும் பேணுவதிலும் தென்னிந்தியத் தொழிலாளர்க்குப் பெரும்பங்குண்டு. யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் மலாயா ரயில்வேயில் பணியாற்றினர். சிங்கப்பூரில் குவீன்ஸ்வே வட்டாரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் 1932இல் எழுப்பிய சிறு வழிபாட்டிடமே, பின்னர்க் காமன்வெல்த் டிரைவில் அமைந்த ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக வளர்ந்தது. ஆகவே, இப்பாதையில் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது பெயர்ப்பலகைகளால் அன்று. தண்டவாளத்தில் உழைத்தவர்களாலும் சீட்டு வழங்கியவர்களாலுமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒரு நாட்டுக்குள் மற்றொரு நாட்டின் நிலையம்

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. ரயில் பாதையும் தஞ்சோங் பகார் நிலையமும் மலேசிய ரயில்வேயின் உடைமையாகவே நீடித்தன. 1967இல் இரு நாடுகளுக்கிடையே கடப்பிதழ்ச் சோதனை நடைமுறைக்கு வந்தது. நகரின் தென்கோடியில் அமைந்த நிலையம், நாட்டின் வடகோடியில் உள்ள எல்லையின் வாயிலாகவும் மாறியது. நிலையத்திலிருந்து எல்லைவரை பாதையின் நீளம் சுமார் 24 கிலோமீட்டர்.

நெடுங்காலம் இரு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் தஞ்சோங் பகாரிலேயே பணியாற்றினர். நிலம், நிலையம் ஆகியவை குறித்து 1990ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் இரு நாடுகளும் உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. அதன் பொருளை இரு தரப்பும் வெவ்வேறாக விளங்கிக்கொண்டமையால் சிக்கல் தொடர்ந்தது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் சிங்கப்பூர் தன் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசியா தன் சோதனையைத் தஞ்சோங் பகாரிலேயே நடத்தியது. இதன் விளைவு விந்தையானது. வடக்கு நோக்கிச் செல்லும் பயணி, முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழைவதற்கான அனுமதியைப் பெற்றார். பின்னர்ச் சிங்கப்பூர் மண்ணிலேயே ரயிலில் பயணம் செய்து, உட்லண்ட்சில் இறங்கிச் சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் அனுமதியைப் பெற்றார். வெளியேறும் முன்னரே நுழைந்துவிடும் இந்நிலை 2011 வரை நீடித்தது.

இந்நிலையைத் தமிழில் விளக்க முற்படும்போது கலைச்சொல் பற்றிய ஒரு செய்தி புலப்படுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் வழங்கும் சொல் 'குடிநுழைவு' என்பது. சொல்லமைப்பின்படி இது உள்ளே வருதலை மட்டுமே குறிக்கும். எனினும் நாட்டைவிட்டு வெளியேறும்போது நடைபெறும் சோதனையையும் நாம் குடிநுழைவுச் சோதனை என்றே அழைக்கிறோம். இலங்கைத் தமிழர் 'குடிவரவு', 'குடியகல்வு' என இரண்டு சொற்களைக் கையாள்கின்றனர். தஞ்சோங் பகாரில் நிகழ்ந்ததை 'குடியகல்வுக்கு முன்னரே குடிவரவு' என ஒரே தொடரில் கூறிவிடலாம். நமது சொல்லைக்கொண்டு கூறின் விளக்கம் நீள்கிறது. எல்லையில் வாழும் மக்களுக்கு இவ்வேறுபாடு நாள்தோறும் தேவைப்படுவது என்பதால், இவ்விரு சொற்களையும் நம் மாணவர்க்கு அறிமுகப்படுத்துவதில் தவறில்லை.

2010ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களும் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டனர். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. அதனை ஜோகூர் சுல்தான் இப்ராகிம் செலுத்தினார். கடற்பாலம் திறக்கப்பட்ட காலத்தில் ஆட்சியிலிருந்த சுல்தான் இப்ராகிம் இவருடைய கொள்ளுப்பாட்டனார் ஆவார். மறுநாள் முதல் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியே சிங்கப்பூரின் கடைசி நிலையமாயிற்று. தஞ்சோங் பகார் கட்டடம் அவ்வாண்டு ஏப்ரலில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது.

மூன்று வரிவடிவங்கள், நான்கு மொழிகள்

தஞ்சோங் பகார் நிலையம் இயங்கிய இறுதிக்காலத்தில் அதன் அறிவிப்புகளில் மலாயும் ஆங்கிலமுமே மேலோங்கி நின்றன. மலேசிய ரயில்வேக்குரிய இடம் என்பதால் இஃது இயல்பே. ஆனால் அந்நிலையத்தின் வாயிலைக் கடந்து நகருக்குள் சென்றவர், தஞ்சோங் பகார் என்னும் அதே பெயரைச் சற்றுத் தொலைவில் உள்ள பெருவிரைவு ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்திலும் கண்டார். ஒரே நகரில், ஒரே பெயருடைய இரு நிலையங்கள் இரு வேறு மொழிக்கொள்கைகளைக் காட்டி நின்றன.

சிங்கப்பூரின் அரசமைப்புச் சட்டம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாக ஏற்கிறது. மலாய் தேசிய மொழி. அது ரோமன் எழுத்தில் எழுதப்பட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. ஆகவே நிலையப் பெயர்களில் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே வரி போதுமானதாகிறது. அதன் அருகே சீன எழுத்தும் தமிழ் எழுத்தும் அமைகின்றன. நான்கு மொழிகள் மூன்று வரிவடிவங்களில் அடங்குகின்றன.

இவற்றுள் சீனமும் தமிழும் பெயரைக் கையாளும் முறை வேறுபட்டது. 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் வடகிழக்குப் பாதையோடு திறக்கப்பட்ட லிட்டில் இந்தியா நிலையத்தை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் அப்பெயர் 'சிறிய இந்தியா' எனப் பொருள்படும் வகையில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. தமிழிலோ 'லிட்டில் இந்தியா' என ஆங்கில ஒலியே தமிழ் எழுத்தில் பெயர்க்கப்பட்டுள்ளது. இந்தியர் பெரிதும் கூடும் வட்டாரத்தின் பெயர் தமிழில் ஆங்கிலமாகவும் சீனத்தில் சீனமாகவும் நிற்பது சிந்தனைக்குரியது. ஒலிபெயர்ப்புக்குப் பயனுண்டு. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் வழி கேட்கும்போது, பிறர்க்கும் விளங்கும் பெயரையே உச்சரிக்க இயலும். தமிழகத்திலிருந்து பணிபுரிய வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வட்டாரத்தில் கூடும் தொழிலாளர் பலர்க்கு இப்பலகைகளே துணை.

அதே நிலையத்தின் அருகிலுள்ள தேக்கா சந்தையின் வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. 'தேக்கா' என்பது சிறு மூங்கில்களின் அடிவாரம் எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரின் திரிபு. 1982இல் அச்சந்தை வளாகத்துக்கு அதே பொருளுடைய மாண்டரின் உச்சரிப்பில் 'சூஜியாவ்' எனப் பெயரிட்டனர். அப்பெயர் மக்களிடையே நிலைக்கவில்லை. 2000இல் தேக்கா என்னும் பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பியது. சீனக் கிளைமொழிச் சொல்லைத் தம் சொல்லாக்கிக்கொண்ட தமிழர் நாவில் அது இடையில் மாறவேயில்லை. பலகை எழுதுவது ஒன்றாகவும் வாய் வழங்குவது மற்றொன்றாகவும் இருக்கும்போது, நாளடைவில் வாய் வழக்கே வென்றது என்பதற்கு இது நல்ல சான்று.

ஒலிபெயர்ப்பிலும் கவனிக்கத்தக்க கூறுகள் உள. மலாய்ச் சொல்லான 'பகார்' வேலியைக் குறிப்பது. உயிரெழுத்துகளுக்கிடையே வரும் ககரம் தமிழில் மென்மையாக ஒலிப்பதால், மலாய் ஒலியை அது இயல்பாகவே நெருங்குகிறது. ஆனால் சொல்லின் முதலில் இவ்வசதி இல்லை. பிடோக், பாசிர் ரிஸ் ஆகிய இரு நிலையப் பெயர்களும் பகரத்தில் தொடங்குகின்றன. மலாயில் முன்னது ஒலிப்புடைய ஒலி, பின்னது ஒலிப்பில்லா ஒலி. இவ்வேறுபாட்டை எழுத்து காட்டாது. முன்னரே அறிந்தவரே அறிவர். தமிழ் ஒலியியலைக் கற்பிக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பலகைத் தமிழில் பிழை நேர்வதும் உண்டு. 2014இல் 'லாவ் பா சாட்' என்னும் புகழ்பெற்ற உணவுச்சந்தையைச் சுட்டிய வழிகாட்டிப் பலகையில், பெயரின் இறுதிப்பகுதி சனிக்கிழமையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமெனக் கொள்ளப்பட்டு, 'சனி' என மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. பழைய சந்தை எனப் பொருள்படும் ஹொக்கியன் பெயர் தமிழில் வசைபோலத் தொனித்தது. தமிழர்கள் சுட்டிக்காட்டியபின் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசு மொழிபெயர்ப்புகளின் தரத்தை மேம்படுத்தத் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. இங்கு நாம் கருத வேண்டியது பிழையைவிட, அதனைக் கண்டுகொண்ட கண்களையே. பலகையில் உள்ள தமிழை ஒருவர் வாசித்ததனால்தான் பிழை வெளிப்பட்டது. வாசிப்பார் இல்லாவிடில் பிழையும் செம்மையும் ஒன்றுபோலவே நின்றிருக்கும்.

எழுத்துக்கு நேர்வது ஒலிக்கும் நேர்கிறது. பெருவிரைவு ரயில் சேவையில் பாதுகாப்பு அறிவிப்புகள் நான்கு மொழிகளிலும் ஒலித்து வந்துள்ளன. 2012 இறுதியில் சில பாதைகளில் நிலையப் பெயர்களை ஆங்கிலத்தோடு மாண்டரினிலும் அறிவிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. சீன முதியோர்க்கு உதவுவதே அதன் நோக்கம் எனக் கூறப்பட்டது. தமிழும் மலாயும் ஏன் இல்லை என்னும் வினா உடனே எழுந்தது. ஆட்சிமொழித் தகுதி என்பது சட்டநூலில் இருப்பது மட்டுமன்று, காதில் கேட்க வேண்டியது என்னும் எதிர்பார்ப்பையே அவ்வினா வெளிப்படுத்தியது.

அக்கரையில் தமிழ்

உட்லண்ட்சிலிருந்து ஜே.பி. சென்ட்ரல் நிலையத்துக்கு 2015ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் 'தெப்ராவ்' இணைப்பு ரயில் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ 5 நிமிடம். உட்லண்ட்சில் புறப்படுவோர்க்கு இரு நாட்டுச் சோதனைகளும் அங்கேயே முடிந்துவிடும். கட்டணத்திலும் எல்லையின் இயல்பு தெரிந்தது. சிங்கப்பூரில் ஏறுவோர் 5 வெள்ளியும் ஜோகூரில் ஏறுவோர் 5 ரிங்கிட்டும் செலுத்தினர். எண் ஒன்றே, மதிப்பு வேறு. தமிழ்மொழியின் நிலையும் இத்தகையதே. பெயர் ஒன்றாயினும் இரு கரையிலும் அதன் மதிப்பு வெவ்வேறு வகையில் அளக்கப்படுகிறது.

ஜோகூர்க் கரையில் நிலைய அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைகின்றன. தமிழ் அவற்றில் இடம்பெறுவதில்லை. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்குகிறது. அதே பிரிவு, பிற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்றும் கூறுகிறது. அந்தப் பாதுகாப்பின் நிழலில் மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. கணிதமும் அறிவியலும் தமிழில் கற்கும் சிறுவர்கள் அங்கு உள்ளனர். ஜோகூர் பாரு நகரிலேயே ஜாலான் யாஹ்யா அவால் தமிழ்ப்பள்ளி உள்ளது.

சிங்கப்பூரின் வரலாறு வேறு திசையில் சென்றது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி முடிவுற்றது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. தமிழ் தாய்மொழிப் பாடமாக நின்றது. அதே 1987ஆம் ஆண்டு நவம்பரில்தான் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது என்பது தற்செயலான ஒற்றுமையே. எனினும் அஃது ஒரு காலக்கட்டத்தை நமக்கு அடையாளம் காட்டுகிறது. வகுப்பறையில் பயிற்றுமொழி என்னும் இடத்தை இழந்த தமிழ், பொதுவெளியில் பெயர்ப்பலகைகளில் காணக்கிடைத்தது.

பலகையும் வாயும்

பலகையில் இடம்பெற்ற மொழி வீட்டில் நிலைபெற்றதா என்பதே அடுத்த வினா. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசிய இந்தியர் 2000இல் 42.9 விழுக்காட்டினர், 2010இல் 36.7 விழுக்காட்டினர். 2020இல் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர் அனைவரையும் கணக்கிட்டால், வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசியோர் 2.5 விழுக்காட்டினரே. இக்காலப்பகுதியில் தமிழின் சட்டத்தகுதி சிறிதும் குறையவில்லை. புதிய நிலையங்கள் திறக்கப்பட்டபோதெல்லாம் தமிழ்ப் பலகைகளின் எண்ணிக்கை பெருகவே செய்தது. ஆகவே, பொதுவெளியில் எழுத்து பெருகுவதும் இல்லத்தில் பேச்சு குறைவதும் ஒரே காலத்தில் நிகழக்கூடியவை எனத் தெளிகிறோம்.

இதனால் பலகைகள் பயனற்றவை என முடிவுசெய்தல் பொருந்தாது. தம் மொழியை அரசின் எழுத்தில் காணும் சிறுவர்க்கு அது தரும் தன்மதிப்பை அக்கரைத் தமிழர் நன்கு உணர்வர். அவர்கட்கு அது கிட்டவில்லை. அவ்வாறே, பாடங்களைத் தமிழில் கற்கும் வாய்ப்பின் அருமையை இக்கரைத் தமிழர் உணர்வர். இரு சமூகங்களும் ஒன்று பெற்று, மற்றொன்றை இழந்து நிற்கின்றன. இரண்டையும் ஒருசேர நோக்கும்போதே, தகுதியும் பயன்பாடும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை என்பது புலனாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

இந்நிலையில் தமிழாசிரியர் மேற்கொள்ளத்தக்க சில பணிகளை இங்குச் சுட்ட விழைகிறோம்.

முதலாவது, நிலையப் பெயர்களை வாசிப்புப் பாடமாக்கலாம். பாடநூலில் உள்ள தமிழை வகுப்பறையோடு விட்டுவிடும் மாணவர்க்கு, நாள்தோறும் கடந்து செல்லும் நிலையத்தின் தமிழ் எழுத்து இலவசமாகக் கிடைக்கும் பனுவல். ஒரு பாதையின் பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் எனப் பிரித்தறியச் செய்யலாம்.

இரண்டாவது, இரு கரைக்கும் பொதுவான எழுத்துமுறை குறித்து நாம் கலந்துபேச வேண்டும். சிங்கப்பூரில் 'ஜோகூர்' என்றும் மலேசியாவில் 'ஜொகூர்' என்றும் எழுதுகிறோம். 'ரயில்', 'இரயில்', 'தொடர்வண்டி' ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. தமிழகத்தாரும் இலங்கையரும் 'கடவுச்சீட்டு' என்பதை நாம் 'கடப்பிதழ்' என்கிறோம். வட்டார வழக்குகளை அழித்துவிட வேண்டும் என்பதன்று நமது கருத்து. ஒரே ஊரின் பெயர் பாலத்தின் இருமுனையிலும் இருவேறு வகையில் எழுதப்படும்போது, மாணவர்க்குக் காரணத்தையேனும் விளக்க இயல வேண்டும்.

மூன்றாவது, பேச்சுத்தமிழுக்கும் நிலையத்தில் இடமளிக்கலாம். சீட்டு வாங்குதல், வழி கேட்டல், கடப்பிதழ்ச் சோதனை ஆகிய சூழல்களை உரையாடலாக நடித்துக்காட்டும் பயிற்சிகள், எழுத்துத்தமிழையும் பேச்சுத்தமிழையும் இணைக்கும். பலகையில் வாசித்ததை வாயால் சொல்லும் பழக்கம் அவ்வாறே உருவாகும்.

முடிவுரை

2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்தையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகார் நிலையத்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் விரைவு ரயில் பாதை திட்டமிடப்பட்டது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை செல்லத்தக்கதாக அது வகுக்கப்பட்டுள்ளது. இரு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே நிறைவுறும். தஞ்சோங் பகாரில் ஏற்பட்ட முறைமாற்றத்துக்கு அங்கு இடமிராது.

அப்பாதையில் இரு கரைத் தமிழரும் முன்னைவிட மிகுதியாகச் சந்திப்பர். ஒருமுனையில் பலகையில் தமிழ் இருக்கும். மறுமுனையில் பள்ளிப் பையில் தமிழ் இருக்கும். அவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளத் துணைபுரிவது, எல்லையின் இருபுறமும் தமிழ் கற்பிப்போர் மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.